வேலைநிறுத்தமும் பராமரிப்பின் அறமும்

ஊரார் அனைவரும் நம்பியிருக்கும் ஒரு வேலையை, அதைச் செய்பவர் தம் குறை தீரும்வரை செய்ய மாட்டேன் என்று கைகட்டி நிற்பது அறமாகுமா என்னும் கேள்வி, தொழிற்சங்கங்களும் தொழில் தீர்ப்பாயங்களும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே சமய இலக்கியத்திலும் அறநூல்களிலும் வேறு உருவங்களில் எழுந்திருக்கிறது. ரயில், மின்சாரம், குடிநீர், மருத்துவமனை ஆகியவை வந்தபின் அக்கேள்விக்குக் கூர்மை கூடியதே தவிர, அதன் உள்ளீடு மாறவில்லை. தமிழில் இதை ஆராயப் புகுவோர் முதலில் சொற்களிடமே தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் வேலையைக் குறிக்கும் நம் சொற்கள் பலவும் வழிபாட்டோடு பின்னிக் கிடக்கின்றன. ‘பணி’ என்னும் சொல் வேலையையும் குறிக்கும், தலைதாழ்த்தி வணங்குவதையும் குறிக்கும். ‘தொண்டு’ அடியவரின் செயல். ‘சேவை’ என்பதற்கு வைணவ வழக்கில் பெருமாளைக் கண்டு வணங்குதல் என்றே பொருள். ஒரு வேலையைச் சேவை என்று அழைத்த அளவிலேயே, அதை நிறுத்துபவர் ஒரு வழிபாட்டை முறித்தவர் போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. வேலைநிறுத்தம் செய்பவர்மேல் பொதுமக்களுக்கு எழும் சினத்தில் பாதி, வண்டி வராததால் எழுவது. மறுபாதி இந்தச் சொல்லின் நிழலிலிருந்து எழுவது.

இவற்றுள் ‘ஊழியம்’ என்னும் சொல்லின் வரலாறு தென்காசி வட்டாரத்தோடு நேரடித் தொடர்புடையது. இன்று ‘அரசு ஊழியர்’, ‘ரயில்வே ஊழியர்’ என்று மதிப்போடு வழங்கும் இச்சொல், பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கூலியின்றிக் கட்டாயமாக வாங்கப்பட்ட உழைப்பின் பெயராக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் சுமை சுமக்கவும் பொருள் கொண்டுவந்து சேர்க்கவும் கடமைப்பட்டவர்களாக நடத்தப்பட்டனர். தென்காசிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்ததாகவும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்ததாகவும் இருந்தது. அதே திருவிதாங்கூரில்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அய்யன்காளியின் தலைமையில் புலையர் சமூகத்து உழைப்பாளிகள் வயலில் இறங்க மறுத்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் தலையாயது தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது. ஊழியம் என்னும் சொல்லுக்குள் மறுக்க இயலாமை என்னும் பொருள் உறைந்திருந்த மண்ணில், மறுப்பு என்பது கூலிப் பேரத்துக்கு முன்பாக, மறுக்கவும் தமக்கு உரிமையுண்டு என்று நிலைநாட்டிய செயலாக அமைந்தது. மறுக்க முடியாதவர் செய்வதை எவரும் தொண்டு என்று சொல்ல முடியாது. விருப்பம் இருக்குமிடத்தில்தான் தொண்டு இருக்கிறது, விருப்பம் இருக்குமிடத்தில் மறுப்பும் இருந்தே தீரும். வேலைநிறுத்தத்தைச் சமயக் கண்கொண்டு நோக்குவோர் பெரும்பாலும் தவறவிடும் முதற்புள்ளி இது.

கேள்வியைப் பொதுநிலையில் விட்டுவிடாமல் ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்பதற்குச் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் செல்லும் மலைப்பாதை ஏற்றது. நகரத்துச் சுரங்க ரயிலுக்கு உரிய இடர்கள், அதாவது மாற்றுவழி இல்லாமை, இருட்டான குகை, பழைய கட்டுமானம், சிறு கவனக்குறைவையும் பொறுக்காத அமைப்பு ஆகிய அனைத்தும் இந்த மலைப்பாதையில் வேறு உருவில் இருக்கின்றன. 1863இல் லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. 1904இல் இந்த மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டும் நீராவி இஞ்சின்களோடு பிறந்தவை. இரண்டும் கட்டியவர்கள் எண்ணிப்பார்த்திராத அளவு கூட்டத்தைச் சுமந்து முதுமை எய்தியவை. கழுதுருட்டி அருகே கருங்கல்லால் எழுப்பப்பட்ட பதின்மூன்று கண் பாலமும், ஆரியங்காவு அருகே மலையைக் குடைந்து எடுக்கப்பட்ட குகையும் நூறாண்டுக்கு மேலாகியும் பயன்பாட்டில் உள்ளன. 2010 செப்டம்பரில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்ட இவ்வழி 2018இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டாண்டுக் காலம் இரு மாநிலத்து எளிய பயணிகளும் பேருந்தையே நம்பியிருந்தனர். எந்த வேலைநிறுத்தமும் இத்தனை நீண்ட காலம் ஒரு ரயில் பாதையை மூடிவைத்ததில்லை. பணி தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், 1974 வேலைநிறுத்தத்தில் இருபது நாள் நின்ற வண்டியை நாடு அரை நூற்றாண்டு நினைவில் வைத்திருப்பதும், எட்டாண்டு நின்ற வண்டியை அவ்வூரார் தவிர எவரும் நினையாததும் சிந்திக்கத் தக்கவை.

இப்பாதையின் சேவைத் தரம், அதாவது வண்டி நேரத்துக்கு வருவதும் பழுதின்றிச் செல்வதும் பயணி அச்சமின்றி அமர்ந்திருப்பதும், பயணியின் கண்ணுக்குத் தெரியாத சிலரின் நடையால் ஆனது. தென்மேற்குப் பருவமழை ஆனி, ஆடி, ஆவணியில் மலையில் இறங்கும்போது குற்றாலத்தில் ‘சீசன்’ தொடங்குகிறது. சாரலில் நனையவும் பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கவும் மக்கள் வந்து குவிகிறார்கள். அதே மழைதான் ஆரியங்காவு பக்கத்து வெட்டுச் சரிவுகளில் மண்ணை இளக்கித் தண்டவாளத்தின்மேல் தள்ளுகிறது. அப்பொழுது ரோந்துக்காரர் கையில் விளக்கோடு இரவில் பாதை நெடுக நடக்கிறார். விடிந்தபின் கீமேன் புறப்படுகிறார். தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் ஆப்புகளுக்கு ஆங்கிலத்தில் ‘கீ’ (சாவி) என்று பெயர் வழங்கியதால் அவற்றைக் காப்பவருக்கு அப்பெயர் வந்தது. அந்த ஆப்புகள் போய் வளைகம்பிக் கிளிப்புகள் வந்தபின்னும் பெயர் மாறவில்லை. தோளில் சுத்தியலும் ஸ்பானரும், பையில் சிவப்பு, பச்சைக் கொடிகளும், ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தின்மேல் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் டெட்டனேட்டர் வில்லைகளும் கொண்டு, தமக்கு ஒதுக்கப்பட்ட தொலைவை ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துக்கொண்டே செல்கிறார். இறுக்கமாக இருக்கும் பிடிப்பில் சுத்தியல் பட்டால் ‘கிண்’ என்று ஒலிக்கும். தளர்ந்திருந்தால் ஒலி அடங்கிப்போகும். அந்த ஒலி வேறுபாட்டைக் கேட்கும் காது ஒன்று காலையில் அந்த வழியாகச் சென்றிருக்கிறது என்பதே, மாலையில் குகைக்குள் நுழையும் பெட்டியில் குழந்தையோடு அமர்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் சேவை. பயணச்சீட்டில் அதற்கென ஒரு வரி இல்லை.

இந்த உழைப்பாளிகளின் மறுப்பு வரலாறும் சிறியதன்று. திருநெல்வேலி, தென்காசி வழித்தடங்களை நடத்திய தென்னிந்திய ரயில்வேயில் 1928 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தம், நாகப்பட்டினம் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றும்போது ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கத் திட்டமிட்டதால் எழுந்தது. அதை முன்நின்று நடத்திய சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத் தண்டனை பெற்றனர். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் தொழிலாளர்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். 1973 ஆகஸ்டில் இஞ்சின் ஓட்டுநர்களும் அவர்களின் உதவியாளர்களும் வேலையை நிறுத்தினர். அவர்களின் கோரிக்கை, வேலையில் ஏறிய நேரத்திலிருந்து இறங்கும் நேரம்வரை பத்து மணிக்குமேல் போகக் கூடாது என்பது. பத்து மணி நேர வேலை என்பதே அன்று போராடிப் பெற வேண்டிய சலுகையாக இருந்தது என்பதை இன்றைய வாசகர் ஒருமுறை நின்று படிக்க வேண்டும். உறக்கமில்லாத ஓட்டுநர் பயணிக்கு ஆபத்து. ஆதலால் அந்தக் கோரிக்கை தொழிலாளருடையதாக எழுந்தாலும், அதன் பயன் பயணிக்கும் உரியதாக இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1974 மே 8 முதல் 27 வரை, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. பதினேழு லட்சம் பேர் பணிபுரிந்த நிறுவனம் அது. எட்டு மணி நேர வேலை, மற்றப் பொதுத்துறை ஊழியருக்கு இணையான ஊதியம், போனஸ் ஆகியவை கோரிக்கைகள். ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, எதுவும் பெறாமலேயே வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது. வேலை இழந்தோர் 1977இல் ஆட்சி மாறியபின் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர்; போனஸ் 1979இல் வந்தது.

அறம் பற்றிய கேள்வியை நீதிமன்றமே நேராக எடுத்துக்கொண்ட தருணமும் தமிழ்நாட்டிலிருந்தே எழுந்தது. 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, மாநில அரசு ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அரசியல் சட்டத்தின்படி அடிப்படை உரிமையோ வேறு சட்டங்களின்படி உரிமையோ இல்லை என்றதோடு நில்லாமல், அறநெறியின்படியும் அதற்கு நியாயம் இல்லை என்று கூறியது. முதல் இரண்டும் சட்டம் அறிந்தோர் தீர்க்க வேண்டியவை; வேலைநிறுத்த உரிமை சங்கம் அமைக்கும் உரிமைக்குள் அடங்காது என்பது 1961இலேயே சொல்லப்பட்டுவிட்டது. மூன்றாவதோ நீதிபதிக்கு மட்டும் உரிய தீர்ப்பு ஆகாது. அறம் பற்றிச் சிந்திக்கும் எவரும் அதை மறுஆய்வு செய்யலாம். மேலும், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ரயில்வேயைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று வகுத்து, பதினான்கு நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது என்றுதான் கூறியது. முன்னறிவிப்புக் கேட்கும் சட்டம், அந்தச் செயல் முற்றிலும் அறமற்றது என்று கருதியிருக்க முடியாது.

அறநெறியில் நியாயமில்லை என்போர் பெரும்பாலும் கீதையின் கருமயோகத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். பயனில் பற்று வைக்காமல் தன் கடமையைச் செய்வதே உயர்ந்தது என்னும் அக்கோட்பாடு, செய்பவனின் அகத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அந்த உழைப்பின் பயனை எடுத்துக்கொள்ளும் இன்னொருவன் அதே கோட்பாட்டை உழைப்பவனிடம் எடுத்தோதினால் அது அறிவுரையாக நில்லாமல் சுரண்டலாக மாறிவிடுகிறது. பற்றின்மையைப் பிறருக்குக் கற்பிக்க விரும்பும் முதலாளி, தன் இலாபத்தில் பற்றின்மையைக் காட்டித் தொடங்கலாம்.

வள்ளுவர் இதைக் கையாளும் முறை வேறு. உழவு பற்றிய அதிகாரத்தில், நிலத்தில் இறங்குவோர் கை ஓய்ந்தால் எல்லா ஆசையும் விட்டதாகச் சொல்லும் துறவிக்கும் நிற்க இடமிருக்காது என்கிறார். அந்தக் கை ஓய்வது பாவம் என்று அவர் சொல்லவில்லை. ஓய்ந்தால் நேரும் நிலையை மட்டும் எடுத்துரைத்து, அக்கையின்மேல் உலகு தங்கியிருப்பதை நினைவூட்டுகிறார். தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் கடமையை அரசன்மேல் ஏற்றுகிறார்: வேலை செய்வோரின் நிலையை அவன் ஒவ்வொரு நாளும் ஆராய்ந்தறிய வேண்டும், அவர்கள் நேராக நிற்கும்வரை உலகம் சாயாது. கீமேன் பாதையை நாள்தோறும் தட்டிப் பார்ப்பது போல, ஆள்வோர் கீமேனின் நிலையை நாள்தோறும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். அறநூல் ஒன்று வேலை ஆய்வையும் வேலை செய்பவரின் நல ஆய்வையும் ஒரே கடமையாகச் சேர்த்துச் சொல்வது போற்றத்தக்கது.

கூலி கேட்பது தொண்டுக்கு இழுக்கு என்று எண்ணுவோருக்குச் சைவ மரபு தரும் மறுமொழி இன்னும் வியப்பானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணம், ஏழாம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. அடியார்க்கு அமுதளிக்கத் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு பீடத்தில் வைக்கிறான். நாவுக்கரசர் மடத்தில் உணவு வேளையோடு ஆகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. காரணம் கேட்கிறார் சம்பந்தர். அவர் காசைக் கடைக்காரர்கள் ‘வாசி’ கேட்டே வாங்குவதாக மடத்தார் சொல்கிறார்கள். வாசி என்பது மாற்றுக் குறைந்த நாணயத்தை மாற்றும்போது கழித்துக்கொள்ளும் வட்டம். நாவுக்கரசரின் காசுக்கு அந்தக் கழிவு இல்லை. ஏன் என்பதற்குச் சேக்கிழார் தரும் விடை, நாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கைத்தொண்டு செய்பவர் என்பது. உடலால் உழைத்தவருக்கு நல்ல காசு. அதில் ஒரு கழிவும் கூடாது. இதை அறிந்த சம்பந்தர் வாய்மூடி இருந்துவிடவில்லை. தமக்கும் குறையில்லாத காசு வேண்டுமென்று இறைவனிடமே பாடிக் கேட்டார், இறைவனும் தந்தான்.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. சொல்லுக்கும் பாட்டுக்கும் கிடைப்பதைவிடக் கை உழைப்புக்குக் கிடைப்பது குறையக் கூடாது என்பது ஒன்று; இன்றைய சம்பளப் பட்டியல்கள் அனைத்தும் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. குறைந்த காசைக் குறை என்று சொல்லிக் கேட்பது பக்திக்கு மாறானதன்று என்பது மற்றொன்று. கேட்டவர் ஞானக் குழந்தை, கேட்கப்பட்டவன் இறைவன், கேட்டதற்குக் காரணம் தம் நலம் அன்று, தம்மை நம்பிவந்த அடியார் வேளைக்கு உண்ண வேண்டும் என்பது. கோரிக்கைக்கும் சேவைத் தரத்துக்கும் இடையிலுள்ள உறவை, அதாவது காசில் குறைந்தால் சோறு தாமதமாகும் என்பதை, இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை அரிது.

ஆனால் கேட்பது வேறு, நிறுத்துவது வேறு. நிறுத்துவதிலும் வகைகள் உண்டு. தென்காசி வட்டாரத்தார் மேற்கு எல்லையில் ஹர்த்தால் நாள்களில் இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காண்கின்றனர். பாவூர்ச்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகள் அந்நாள்களில் புளியரையைத் தாண்டத் தயங்குகின்றன. தன் உழைப்பைத் தான் தர மறுப்பது வேலைநிறுத்தம். பிறர் உழைப்பையும் பிறர் வழியையும் அச்சத்தால் நிறுத்துவது பந்த். பந்த் சட்டத்துக்கு மாறானது என்று கேரள உயர் நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்ததும், உச்ச நீதிமன்றம் அதை ஏற்றதும் இந்த வேறுபாட்டின்மேல் நின்றே. 1928 வேலைநிறுத்தத்தின்போது சில இடங்களில் பாதை சிதைக்கப்பட்டு வண்டிகள் தடம்புரண்டன. அது எவர் செய்ததாயினும் வேலைநிறுத்தத்தின் அறத்தில் சேராது. தன் கையை எடுத்துக்கொள்வது உரிமை. அந்தக் கையால் பிறர் வழியைக் கெடுப்பது உரிமையாகாது.

காந்தியடிகள் 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தி, அவர்களின் உறுதி தளர்ந்தபோது உண்ணாநோன்பு இருந்தவர். அவரே 1946இல் துப்புரவுப் பணியாளரின் வேலைநிறுத்தம் பற்றி எழுதும்போது, சில வேலைகளில் வேலைநிறுத்தம் தவறு என்றார். அவர்களின் குறை உண்மை என்பதையும் ஒப்புக்கொண்டார். இந்த இரண்டாம் நிலைப்பாட்டை அப்படியே ஏற்பது கடினம். எவருடைய வேலை நின்றால் ஊர் ஒரு நாளும் தாங்காதோ, அவருக்கே ஊர் மிகக் குறைந்த கூலியும் மிகக் குறைந்த மதிப்பும் தந்துவந்திருக்கிறது. இன்றியமையாமையைக் காட்டி அவர் வாயை அடைத்தால், இன்றியமையாதவராய் இருப்பதே அவருக்குத் தண்டனையாகிறது. ஒரு வேலை இன்றியமையாதது என்று அறிவிக்கும் அரசு, அதே மூச்சில் அந்த வேலைக்குரியவரின் குறையை விரைந்து தீர்க்கும் கடமையையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கடமையைச் செய்யாமல் அறிவிப்பை மட்டும் வைத்திருப்பது அறமாகாது. நிறுத்தாமலே மறுக்கும் வழிகளும் இல்லாமல் இல்லை: 2018இல் ஜப்பானின் ஒக்கயாமா நகரில் பேருந்து ஓட்டுநர்கள் வண்டிகளை வழக்கம்போல் ஓட்டிக்கொண்டே பயணிகளிடம் கட்டணம் வாங்க மறுத்தனர். இழப்பு நிறுவனத்துக்குப் போனது, பயணிக்குப் போகவில்லை. இழப்பை எவர் தாங்குகிறார் என்னும் கேள்வியே வேலைநிறுத்தத்தின் அறத்தை அளக்கும் முதல் கோல் என்பதற்கு அது நல்ல சான்று.

இங்கே ரயில்வேக்கே உரிய ஓர் உண்மை முன்வருகிறது. ‘விதிப்படி வேலை’ என்பது ஒரு போராட்ட முறை. புத்தகத்திலுள்ள ஒவ்வொரு பாதுகாப்பு விதியையும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பது அது. அப்படிச் செய்தால் வண்டிகள் தாமதமாகி, நாளடைவில் முடங்கிப் போகின்றன. விதியை முழுதாகக் கடைப்பிடித்தால் சேவை நிற்கிறது என்றால், வழக்கமான நாள்களில் அந்தச் சேவை விதிமீறலின்மேலும், போதிய ஆள் இல்லாத குறையைத் தம் உடலால் நிரப்பும் சிலரின்மேலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். இதை அறிந்தபின், முதலில் எதையோ தராமல் நிறுத்திக்கொண்டவர் எவர் என்னும் கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. நிரப்பப்படாத பணியிடமும், தள்ளிப்போடப்பட்ட பழுதுபார்ப்பும், மாற்றப்படாத பழைய தண்டவாளமும் உடைமையாளரின் வேலைநிறுத்தமே. அதற்கு முன்னறிவிப்பு இல்லை, கொடி இல்லை, அதற்காக எவரும் பணிநீக்கம் செய்யப்படுவதும் இல்லை. தொழிலாளரின் வேலைநிறுத்தம் ஒரு நாள் வெளிப்படையாக நடக்கிறது; இது ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடக்கிறது.

ஆயினும் தொழிலாளர் பக்கத்திலும் கடக்கக் கூடாத கோடு ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தலாம், வண்டியை ஓடவிட்டு அதன் பாதையைப் பார்க்காமல் விடக் கூடாது. நின்ற வண்டி பயணிக்கு உண்மையைச் சொல்கிறது: இன்று வழியில்லை, வேறு ஏற்பாடு செய்துகொள் என்கிறது. பழுதோடு ஓடும் வண்டி பொய் சொல்கிறது; எல்லாம் சரியாக இருப்பதாக நம்பவைத்துக் குகைக்குள் அழைத்துச் செல்கிறது. ஆகையால் கவனத்தைக் குறைத்துச் செய்யும் அரைகுறை வேலை, முழு வேலைநிறுத்தத்தைவிடத் தாழ்ந்தது. குற்றாலத்தில் இது எளிய மக்களுக்கும் விளங்கும். பேரருவியில் வெள்ளம் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கினால் காவலர்கள் விசில் ஊதி அனைவரையும் வெளியேற்றிக் குளிக்கத் தடை விதிக்கிறார்கள்; தொலைவூரிலிருந்து வந்தவர் வருந்துவார், ஆனால் தமக்கு உரிய சேவை மறுக்கப்பட்டதாக எவரும் சொல்வதில்லை. நிறுத்துவதும் சேவையின் ஒரு பகுதிதான் என்பதை அந்த அருவிக்கரை ஒவ்வொரு சீசனிலும் காட்டிவிடுகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் 1934, 1935 ஆண்டுகளில் தொழிற்சாலைகளில் கூலியாக வேலை செய்து, 1936இல் அந்நாட்டு உலோகத் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தை நேரில் கண்டு எழுதினார். கோரிக்கைகளுக்கு அப்பால், தொழிலாளர் நாளெல்லாம் தலைகுனிந்து நின்ற இயந்திரங்களுக்கு நடுவே தலைநிமிர்ந்து நடக்கும் மகிழ்ச்சியே அவர் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது. பின்னாளில் அவர் முழுமையான கவனத்தைப் பிரார்த்தனையின் நிலைக்கு உயர்த்திப் பேசினார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கீமேனின் சுத்தியல் ஒலிக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது: கவனம் என்பது கட்டளையால் வாங்கக் கூடியதன்று, தலைகுனியவைக்கப்பட்ட மனிதன் கால்களால் நடப்பான், காதால் கேட்க மாட்டான். சேவைத் தரம் வேண்டுவோர் அந்தக் காதைக் காப்பாற்ற வேண்டும்.

தென்காசியில் இதை உணர்ந்து எழுதிவைத்த அரசன் ஒருவன் இருக்கிறான். பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். கோயில் கட்டிய அரசர் பலர் தம் வெற்றிகளைக் கல்லில் பொறித்தனர். இதை அழிப்பவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவர் என்று சாபமும் இட்டனர். இவனுடைய கல்வெட்டுப் பாடல் ஒன்று வேறு வழியில் செல்கிறது. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் பழுது நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் எவராயினும் அவரை உலகறியத் தான் வணங்குவதாக அவன் அதில் கூறுகிறான். கட்டியவன் அரசன்; பழுது பார்ப்பவர் இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவர்; வணங்குகிறவன் அரசன். பணி என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கே இடம் மாறி நிற்கின்றன: பணி செய்பவர்முன் பணிகிறவன் ஆள்பவன். தான் கட்டியது ஒருநாள் பழுதாகும் என்பதை ஒப்புக்கொள்ளும் பணிவும், கட்டுபவரைவிடக் காப்பவர் தாழ்ந்தவர் அல்லர் என்னும் தெளிவும் இந்த ஒரு வணக்கத்தில் அடங்கியிருக்கின்றன. பின்னாளில் அக்கோயிலின் இராசகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அதை எழுப்பிய சிற்பியும் கொத்தரும் சாரம் கட்டியவரும் ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே வணங்கப்பட்டவர்கள்.

ரயில்வேயில் புதிய வண்டிகளுக்குக் கொடியசைக்கும் விழாக்கள் நடக்கின்றன; பாதையைக் காப்பவருக்கு அப்படியொரு விழா இல்லை. பராக்கிரம பாண்டியனின் அந்தக் கல்வெட்டுப் பாடலை, அதன் பொருள் விளக்கத்தோடு, தென்காசி ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி பொறித்துவைக்க ரயில்வே நிர்வாகம் முன்வர வேண்டும். செங்கோட்டை முதல் புனலூர்வரை உள்ள மலைப்பாதையில் நிரப்பப்படாதிருக்கும் பாதைப் பராமரிப்புப் பணியிடங்களை அடுத்த சாரலுக்கு முன் நிரப்ப வேண்டும்.